பழைய காருக்கு வீல் பேரிங்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

“அம்பாசிடர் முன்வீல் பேரிங் ஒரு செட் கொடுங்க” என்று கேட்டால் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஏதோ ஒரு பெட்டி கைக்கு வரும். அது உங்கள் வண்டிக்கு உட்காருமா என்பது வேறு விஷயம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாகக் கொண்டு வந்த அம்பாசிடர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 2014 வரை, உத்தர்பாராவில் உருவானது. பேரிங் உட்காரும், வீலைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பும் ஒன்றல்ல: டிரம் பிரேக் ஹப் வேறு, டிஸ்க் பிரேக் ஹப் வேறு. இடையில் வண்டி கைமாறிய ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மெக்கானிக் கிடைத்ததை மாட்டியிருப்பார். பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் காரின் பெயரைச் சொல்லி பேரிங் வாங்காதீர்கள். பேரிங்கின் எண்ணைச் சொல்லி, அளவைச் சரிபார்த்து வாங்குங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் பாதி எளிதாகிவிடும்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், கோபாலபுரம் பக்கம் இன்னும் பல வீட்டு முற்றங்களில் இந்த வண்டிகள் நிற்கின்றன. ஜூன் தொடங்கி நான்கு மாத மழை, மழைக்குள் மூழ்கும் தரைப்பாலங்கள், நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக நெல்லியாம்பதிக்கு ஏறும் மலைப்பாதை, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. வீல் பேரிங்குக்கு இவை எல்லாமே சோதனைதான். மலையிறக்கத்தில் பிரேக் பிடித்துச் சூடான ஹப், கீழே வந்ததும் தண்ணீருக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்பின் வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றால், ஒவ்வொரு உருளையும் கப்பை, அதாவது பேரிங்கின் வெளிவளையத்தைத் தொடும் இடத்தில் உருளையின் இடைவெளிக்குச் சரியாக ஒரு துருக்கோடு விழுந்திருக்கும். இந்தப் பகுதியில் வீட்டோடு நிற்கும் வண்டிகளில் ஓட்டத்தால் தேய்வதை விட இப்படித் துருப்பிடிப்பதைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா?

ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மீண்டும் ஆட்டட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் (முன்வீல் திரும்பும் அச்சு) அல்லது சஸ்பென்ஷன் புஷ். பேரிங் ஆட்டம் என்றாலும் அது வெறும் நட்டுத் தளர்வாக இருக்கலாம்; சரிசெய்தாலே போதும். ஓடும்போது வரும் உறுமல், இடது பக்கம் திருப்பும்போது கூடினால் சந்தேகம் வலது வீல் மீது, ஏனென்றால் வளைவில் பாரம் வெளிப்பக்க வீலுக்குப் போகிறது.

கழற்றிய பேரிங்கை டீசலில் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றால் அதைச் சுழல விடாதீர்கள். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து உருளை தெறிக்கும். கப்பின் ஓட்டப்பாதை ஒரே சீரான சாம்பல் நிறமாக, விரல் நகத்துக்கு எதுவும் தட்டாமல் இருந்தால், அதே பேரிங்குக்குப் புது கிரீஸ், புது சீல் போட்டுத் திரும்ப மாட்டலாம். செலவு குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய பேரிங், கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத புது பேரிங்கை விட நம்பகமானது. ஆனால் இடது ஹப்பின் கோன், அதாவது உருளைகளோடு வரும் உள்வளையம், வலது ஹப்பின் கப்புக்குப் போகக்கூடாது. ஒன்றோடொன்று ஓடிப் பழகிய ஜோடியைப் பிரிக்காதீர்கள். கழற்றும்போதே தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

நகத்துக்குத் தட்டும் குழி, செதில் பெயர்ந்த இடம், நீலம் பாய்ந்த உருளை, மேலே சொன்ன துருக்கோடு, நசுங்கிய கூடு — இதில் ஒன்று இருந்தாலும் பேரிங் போய்விட்டது. பாலிஷ் செய்து காப்பாற்ற வழியில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாடி வேலைக்காக வெல்டிங் செய்த வண்டிகளில், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டாமல் வீல் டிரம்மிலோ ஆக்சிலிலோ மாட்டியிருந்தால், மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ஓட்டப்பாதையில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகளை விட்டிருக்கும். வண்டியைப் புதுப்பித்து முடித்த பிறகு முதல் பயணத்திலேயே உறுமல் கேட்டால் இதையும் சந்தேகியுங்கள்.

அளவெடுப்பது

மாற்றுவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: கோனின் எண், கப்பின் எண், உள்விட்டம், வெளிவிட்டம், மொத்த அகலம். டேப்பர் ரோலர் பேரிங்கில் (ஒரு முனை சிறுத்த உருளைகள் உள்ளது) கோனுக்கும் கப்புக்கும் தனித்தனி எண் உண்டு. கப்பின் எண் பெரும்பாலும் அதன் பின்முகத்தில், அதாவது ஹப்பின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் இருக்கும். கப்பைத் தட்டி எடுத்தால்தான் படிக்க முடியும். இந்த இடத்தில் சோம்பல்பட்டு, கோன் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புவதுதான் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம்.

ஏன் என்று எண்களைப் பார்த்தால் புரியும். எல் 68149 என்ற கோன் இரண்டு கப்புகளோடு ஓடும். எல் 68110 கப்பின் வெளிவிட்டம் 59.131 மி.மீ.; எல் 68111 கப்பின் வெளிவிட்டம் 59.975 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பெரிய ஹப்பில் சிறிய கப்பைப் போட்டால் கையாலேயே உள்ளே விழும். “அட, சுலபமா உட்கார்ந்துடுச்சே” என்று தோன்றும். ஓடத் தொடங்கியதும் கப்பே ஹப்புக்குள் சுற்றி ஹப்பைத் தின்றுவிடும். எல்எம் 12749 கோனுக்கும் அப்படித்தான்: எல்எம் 12710 கப் 45.237 மி.மீ., எல்எம் 12711 கப் 45.974 மி.மீ.

மறுபக்கம், ஒரே கப் இரண்டு கோனுக்கும் பொருந்துவது உண்டு. எல் 44610 கப்பின் வெளிவிட்டம் 50.292 மி.மீ. அதற்குள் எல் 44643 கோனும் ஓடும், எல் 44649 கோனும் ஓடும். முன்னதன் துளை 25.4 மி.மீ., அதாவது சரியாக ஓர் அங்குலம். பின்னதன் துளை 26.987 மி.மீ. கப் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் லூசான கோன் கைக்கு வரலாம்.

இவை அங்குல அளவு வரிசை. எண்ணுக்கும் அளவுக்கும் நேரடித் தொடர்பு தெரியாது. அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் வரிசையில் கணக்கு எளிது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை, 04 முதல் மேலே, ஐந்தால் பெருக்கினால் துளை விட்டம் வந்துவிடும். 6205 என்ற பால் பேரிங் 25 மி.மீ. துளை, 52 மி.மீ. வெளிவிட்டம், 15 மி.மீ. அகலம். 30206 என்ற டேப்பர் 30 மி.மீ. துளை, 62 மி.மீ. வெளிவிட்டம், 17.25 மி.மீ. அகலம். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த வண்டிகளில் அங்குல வரிசையையும், இத்தாலிய வடிவமைப்பான பியட்டில் மில்லிமீட்டர் வரிசையையும் எதிர்பார்த்துத் தொடங்கலாம். எதிர்பார்ப்பை வைத்து வாங்க வேண்டாம். வெர்னியர் சொல்வதை வைத்து வாங்குங்கள்.

பழைய பேரிங்கை மட்டும் அளந்தால் போதாது. முன்பு ஒருவர் தவறானதை மாட்டியிருக்கலாம் அல்லவா? அதனால் ஸ்டப் ஆக்சிலில் (வீல் சுற்றும் குட்டைத் தண்டில்) கோன் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, ஹப்பின் துளையை போர் கேஜால் அளந்து, இரண்டும் பேரிங் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போர் கேஜ் வீட்டில் இருக்காது. எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். ஹப்பைத் தூக்கிக்கொண்டு போனால் சில நிமிட வேலை.

எதை வாங்குவது

பழைய எண்ணுக்கு அதே எண், தெரிந்த கம்பெனி, புதுத் தயாரிப்பு. என் முதல் தேர்வு இதுதான். பத்தில் ஒன்பது வண்டிக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. டிம்கன், எஸ்.கே.எஃப்., எஃப்.ஏ.ஜி., ஜெய்ப்பூரின் என்.பி.சி. போன்ற பெயர்களில் எது கிடைத்தாலும் பழைய காரின் பாரத்துக்கும் வேகத்துக்கும் தாராளம். பெட்டியில் ஏ.பி.சி. என்று பார்த்தால் ஒதுக்க வேண்டாம். டேப்பர் பேரிங்குக்குப் பெயர்பெற்ற அந்தக் கம்பெனி 2018-ல் டிம்கன் இந்தியாவோடு இணைந்துவிட்டது. கோனும் கப்பும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். எண் ஒன்றாக இருந்தால் அளவு பொருந்தும்தான், ஆனால் உருளையும் ஓட்டப்பாதையும் ஒருவர் கையில் உருவாகியிருப்பது நல்லது. புது கோனைப் பழைய கப்பில் ஓட விடுவது மட்டும் கூடவே கூடாது.

எங்கே வாங்குவது என்பதில் கார் ஸ்பேர் கடையை விட தொழிற்சாலைகளுக்கு பேரிங் கொடுக்கும் டீலரிடம் போவது மேல். கோவையில் பம்ப், மோட்டார், மில் மெஷின் தொழில் இருப்பதால் அப்படிப்பட்ட டீலர்கள் நிறைய. நம் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய கார்களின் அங்குல டேப்பர்கள் பல, டிரெய்லருக்கும் விவசாய வண்டிகளுக்கும் இன்றும் ஓடும் எண்கள்தான். “அந்த வண்டிக்கெல்லாம் இப்ப பேரிங் வர்றதில்லைங்க” என்று கார் கடையில் கைவிரித்த அதே பேரிங், எண்ணைச் சொன்னதும் டீலரின் அலமாரியிலிருந்து இறங்கும். பில்லோடு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்து, பெட்டி எண்ணும் உள்ளே பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள்.

போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. பொறித்த எழுத்து பெட்ரோல் துணியால் துடைத்தால் அழிகிறதா, ஒரே பெட்டியில் கோன் ஒரு பெயரும் கப் ஒரு பெயருமாக இருக்கிறதா, ஓரங்கள் பிசிறாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.கே.எஃப். சந்தேகம் தீர்க்கவென்றே ஆத்தென்டிகேட் என்ற செயலியை வைத்திருக்கிறது. படமெடுத்து அனுப்பிக் கேட்கலாம். எல்லாவற்றையும் விட, மற்ற கடைகளில் சொல்லும் விலையில் பாதிக்குக் கிடைத்தால் அதுவே பதில்.

அடுத்தது பழைய சரக்கு: மூடிய கடையின் பரணிலிருந்து வரும், வண்டி வந்த காலத்துப் பெட்டி. அதைப் பார்த்ததும் பழைய கார் பிரியர்களுக்கு மனசு இளகிவிடும். எனக்கும் அந்தப் பெட்டிகள் மீது பிரியம் உண்டு. திறந்த டேப்பர் பேரிங் என்றால், மெழுகுக் காகிதம் கிழியாமல், எண்ணெய்ப் படலம் காயாமல், துருப்புள்ளி இல்லாமல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டலாம். நல்ல எஃகு பெட்டிக்குள் வயதாவதில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்ட பால் பேரிங் என்றால் வேண்டாம். உள்ளே வைத்த கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, அதைக் கெட்டியாக்கும் சோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கடலோர ஊர்களில் கிடந்த சரக்கை இன்னும் கூர்ந்து பாருங்கள். ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும்.

பெயரில்லாத கிட், அதாவது இரண்டு கோன், இரண்டு கப், ஒரு சீல், நட்டு கழலாமல் பூட்டும் ஒரு ஸ்பிளிட் பின் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் வருவது. விலை மயக்கும். வீல் பேரிங் உடைந்தால் வீல் சாய்ந்து, ஸ்டப் ஆக்சில் தேய்ந்து, கடைசியில் வீலே கழன்று ஓடும். நெல்லியாம்பதி இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிட்டில் வரும் ஸ்பிளிட் பின்னையும் வாஷரையும்கூட நான் பயன்படுத்தச் சொல்லமாட்டேன்.

பால் பேரிங்குக்குப் பதில் டேப்பர்

பழைய பிரிட்டிஷ் சிறு கார்கள் சிலவற்றில் முன்வீலில் பால் பேரிங்தான் வரும். அதைக் கழற்றிவிட்டு டேப்பர் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. டேப்பர் ரோலர் பக்கவாட்டுப் பாரத்தை நன்றாகத் தாங்கும், சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. 1898-லேயே காப்புரிமை பெற்ற, காலம் சோதித்த அமைப்பு. இவை உண்மைதான். ஆனால் அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் மாற்றிவிட முடியாது.

6205-ஐயும் 30205-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் துளை 25, வெளிவிட்டம் 52. அகலம் முன்னதற்கு 15, பின்னதற்கு 16.25. ஒரு பேரிங்குக்கு 1.25 மி.மீ. கூடும்போது ஹப் அந்த அளவுக்கு வெளியே தள்ளப்படலாம். டிரம் பேக் பிளேட்டோடு நிற்க வேண்டிய இடம் மாறும். நட்டு ஸ்பிளிட் பின் துளைக்குச் சரியாக வராமல் போகலாம். இது கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை. தெரியாத பிரச்சினை ஸ்பேசர். பால் பேரிங் ஹப்பில் இரண்டு உள்வளையங்களுக்கு நடுவே ஒரு குழாய் இருக்கும். நட்டை முழு முறுக்கில் இறுக்கும்போது வளையங்களும் குழாயும் ஒரே தூண் போல ஸ்டப் ஆக்சிலோடு இறுகி, அந்த ஆக்சிலுக்கே விறைப்பைக் கொடுக்கின்றன. டேப்பர் போட்டவர் அந்தக் குழாயை எடுத்துவிட்டு நட்டைப் பழைய முறுக்கில் இறுக்கினால், முழு அழுத்தமும் உருளைகள் மீது விழும். ஊர் எல்லை தாண்டும் முன் ஹப் புகையும். குழாயை எடுத்துவிட்டு நட்டைத் தளர்வாக வைத்தால் பேரிங் பிழைக்கும், ஆனால் ஆக்சிலுக்கு அந்த விறைப்பு இல்லை. குழாயை வைத்துக்கொண்டே டேப்பர் போட வேண்டுமானால், நூறில் சில பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களின் முன்வீல் இந்த முறையில்தான் வந்தது. ஷிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு “ஓடுது பாருங்க” என்பவர்களிடம் ஹப்பைக் கொடுக்காதீர்கள்.

என் கருத்து: வாரம் ஒரு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வண்டிக்குப் பால் பேரிங்கே போதும், அதே எண்ணில் புதியது போடுங்கள். கோண அழுத்தம் தாங்கும் வகை என்றால் வளையத்தில் திரஸ்ட் பக்கம் குறித்திருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துவிட்டு, கையேட்டோடு ஒப்பிட்டு அதே திசையில் மாட்டுங்கள். சாதாரண 62 வரிசை பேரிங்கை அந்த இடத்தில் போட்டால் அளவு பொருந்தினாலும் வளைவில் வரும் பக்கவாட்டுப் பாரம் அதற்கு அதிகம். மலைப்பாதையில் தினமும் ஓட்டுபவர் டேப்பர் வேண்டும் என்றால், அந்த மாடலுக்கென்றே ஸ்பேசரும் ஷிம்மும் சேர்த்து வரும் கிட் கிடைத்தால் மட்டும் போகலாம். கடையில் இருப்பதைச் சேர்த்து உருவாக்க வேண்டாம்.

இதே ரகத்தில் இன்னொரு ஆபத்தான சமரசம் உண்டு. அங்குல பால் பேரிங்கான எல்ஜே 1 துளை 25.4, வெளிவிட்டம் 57.15, அகலம் 15.875 மி.மீ. அது கிடைக்காமல், 25 மி.மீ. துளையுள்ள ஒன்றை எடுத்து, ஸ்டப் ஆக்சிலை எமரி வைத்து 0.4 மி.மீ. தேய்த்து இறக்கி, வெளியே ஒரு வளையம் கடைந்து போடுவது. ஆக்சிலைத் தேய்ப்பது என்பது வண்டியின் உயிரைத் தேய்ப்பது. வெளிவிட்டத்துக்கு வளையம் போடலாம். ஆக்சிலில் கை வைக்கக்கூடாது.

மாற்று எண் தேடுபவர்கள் பெரும்பாலும் மறக்கும் ஒரு அளவு, கோனின் உள்மூலை வளைவு. ஸ்டப் ஆக்சிலின் தோள், தண்டோடு சேரும் இடத்தில் கூர்மையாக இருக்காது; உடையாமல் இருக்க ஒரு வளைவு விட்டிருப்பார்கள். கோனின் மூலை அந்த வளைவைத் தாண்டி உட்கார வேண்டும். துளையும் அகலமும் ஒத்துப்போகும் வேறொரு கோனுக்கு மூலை வளைவு சிறியதாக இருந்தால், அது தோளில் உட்காராமல் வளைவின் மேலேறி நிற்கும். மாட்டும்போது இறுகியது போல் இருக்கும். சில நூறு கிலோமீட்டரில் உட்கார்ந்து ஆட்டம் கொடுக்கும். தோளுக்கும் கோனுக்கும் நடுவே மெல்லிய ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹப் தேய்ந்திருந்தால்

கப் ஹப்பில் அழுத்தி உட்கார வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால், எந்த விலையுயர்ந்த பேரிங்கும் பயனில்லை. பல பட்டறைகளில் ஹப்பின் உள்சுவரில் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி, மேடு எழுப்பி, அதில் கப்பை இறுக்குவார்கள். அந்த மேடுகள் சில வாரங்களில் நசுங்கிவிடும். அதற்குள் கப் கோணலாகவும் உட்கார்ந்திருக்கும். வேண்டாம்.

தேய்மானம் 0.05 மி.மீ.க்குள் என்றால், இரு பரப்பையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, லாக்டைட் 638 போன்ற பேரிங் பிடிப்புப் பசை போட்டு ஒரு நாள் விடலாம். அதற்கு மேல் என்றால் ஸ்லீவ். ஹப்பைக் கடைந்து பெரிதாக்கி, சுமார் 3 மி.மீ. சுவருள்ள எஃகு வளையத்தை அழுத்தி இறக்கி, இறக்கிய பிறகு அதைப் பேரிங் அளவுக்குக் கடைய வேண்டும். வெளியே கடைந்து கொண்டுவந்து அடித்து இறக்கினால் வட்டம் போய்விடும். ஹப்பை லேத்தில் பிடிக்கும்போது நல்ல நிலையில் இருக்கும் மற்ற பேரிங் துளையையும் டிரம் உட்காரும் முகத்தையும் டயல் கேஜ் வைத்து மையப்படுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கப்பும் ஒரே அச்சில் இருக்காது. புது பேரிங் புது உறுமலோடு ஓடும். ஹப்பின் சுவர் மெல்லியதாகிவிடும் என்றால் லேத்காரர் சொல்வதைக் கேட்டு விட்டுவிடுங்கள்.

அப்போது மிஞ்சுவது இன்னொரு வண்டியிலிருந்து ஹப்பையும் ஸ்டப் ஆக்சிலையும் சேர்த்து வாங்குவது. சென்னை புதுப்பேட்டை வரை தேடிப் போகிறவர்கள் உண்டு. ஜோடியாகக் கிடைத்தால் அது ஸ்லீவை விட நல்ல வழி. ஆனால் ஸ்டப் ஆக்சிலை வாங்கிய கையோடு மாட்டாதீர்கள்; தோள் வளைவில் டை பெனட்ரன்ட் போட்டு விரிசல் பாருங்கள். சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். கோடு தெரிந்த ஆக்சில் பழைய இரும்புக்குத்தான்.

சீலும் கிரீஸும்

இவற்றில் தேர்வு சுருக்கமானது. நைட்ரைல் ரப்பர் சீல் சமவெளி ஓட்டத்துக்குப் போதும். மலையிறக்கம் அதிகம் என்றால் வைட்டான் கேளுங்கள், ஏனென்றால் நைட்ரைல் 100 டிகிரியைத் தாண்டும்போது இறுகத் தொடங்கும். சீல் உதடு ஓடும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் தண்ணீரை விடும். நமது மழைக்கு இதுதான் பேரிங்கை விட முக்கியம்.

கிரீஸுக்கு ஏபி3 என்று கேட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் சாதாரண ஓட்டத்துக்குச் சரி. டிஸ்க் பிரேக் அல்லது மலைப்பாதை என்றால் லித்தியம் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் நம்பர் கெட்டி. பழைய கிரீஸை முழுவதும் கழுவி எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். வேறு வேறு வகை சோப்புகள் கலந்தால் கிரீஸ் நீர்த்து வழியும். கோனின் பெரிய முனைப் பக்கத்திலிருந்து கூட்டுக்குள் கிரீஸை அழுத்த, மறுமுனையில் உருளைகளுக்கு நடுவே வெளிவரும் வரை நிரப்ப வேண்டும். ஹப்பின் உட்குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுக்க அடைத்தால் சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்குக்கு வரும்.

மாட்டுவது

கப்பை எடுக்கவும் போடவும் பித்தளைக் கம்பி. எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். புது கப்பை இறக்க, பழைய கப்பின் வெளிவட்டத்தைச் சற்றே தேய்த்துச் சிறிதாக்கினால் அதுவே நல்ல கருவி. தோளில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறும். கெட்டியான ஒலி வரும். இரு டேப்பர் உருளைகளின் சிறிய முனைகளும் ஹப்புக்குள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

ஸ்பேசர் இல்லாத டேப்பர் ஹப்பில், வீலைச் சுழற்றிக்கொண்டே நட்டை 20 முதல் 27 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, கப்பையும் கோனையும் உட்கார வைத்து, முழுவதும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்குங்கள். பின் துளை ஒத்துவராவிட்டால் தளர்த்தித்தான் ஒத்துவரச் செய்ய வேண்டும். இறுக்கி ஒருபோதும் இல்லை. டயல் கேஜில் 0.03 முதல் 0.12 மி.மீ. வரை ஆட்டம் காட்ட வேண்டும். இந்த ஆட்டம் குறை என்று நினைத்து இறுக்குபவர்கள்தான் பேரிங்கைக் கொல்கிறார்கள். ஓடிச் சூடாகும்போது அந்த இடைவெளி தேவைப்படும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முதன்மை.

பின்வீலில் இந்தச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் இல்லை. பேரிங்கோடு அழுத்தி இறக்கிய காலர் உள்ள ஆக்சில் என்றால், காலர் ஒருமுறை கழற்றியது திரும்பப் போகக்கூடாது. புதிது வாங்கி பிரஸ்ஸில் இறக்க வேண்டும். பழைய பால் பேரிங்கில் சி3 (உள் இடைவெளி சற்றுக் கூடியது) என்று இருந்தால் புதியதும் சி3. கியர் எண்ணெயில் நனைந்து ஓடும் அமைப்பில் சீல் போட்ட 2ஆர்எஸ் வகை தேவையில்லை, திறந்ததே சரி. சில பழைய ஆக்சில்களில் ஒரு பக்க நட்டு இடது மரை, எதிர்த்திசையில்தான் கழலும். நெம்புகோல் போட்டு மிதிக்கும் முன் மரையைப் பாருங்கள்.

மாட்டி முடித்து, அதிகம் பிரேக் பிடிக்காமல் 15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப்பில் கை வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால், பிரேக் உராய்கிறதா என்று பார்த்துவிட்டு நட்டை மறுபடி சரிசெய்யுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து ஜாக்கி வைத்து ஆட்டத்தை மீண்டும் அளங்கள். புது கப் தோளில் முழுமையாக உட்கார்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில், மழை தொடங்கும் முன், சீலையும் கிரீஸையும் பாருங்கள். எண், அளவு, கம்பெனி, மாட்டிய தேதி நான்கையும் வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு செட் உதிரியாக வாங்கி, பெட்டி பிரிக்காமல், உலர்ந்த அலமாரியில் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.